கூட்டை விட்டோடிய குளவி

சென்னைக்கு மேற்கே, பாடிக்கும் அம்பத்தூருக்கும் அண்மையிலுள்ள முகப்பேரின் பெயர் "மகப்பேறு" என்னும் சொல்லின் திரிபே என்பது அவ்வூராரின் நம்பிக்கை. அங்கே கோயில் கொண்டிருக்கும் பெருமாளுக்குச் சந்தான சீனிவாசர் என்பது திருநாமம். பிள்ளைப்பேறு வேண்டுவோர் வெளியூர்களிலிருந்தும் வந்து அவரைத் தொழுது செல்கின்றனர். முன்னாளில் வயல் சூழ்ந்த கிராமமாயிருந்த அவ்விடம் இன்று அடுக்கு மாடிகளும் தெருக்களுமாக மாறிவிட்டது. ஆயினும், மனிதன் வீடு கட்டினால் தானும் அதில் ஒரு மூலையைத் தனதாக்கிக் கொள்ளும் குளவி மாத்திரம் அவ்வூரை விட்டுப் போகவில்லை.

சென்ற மாதம் அவ்வூரில் நமது நண்பர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். மாடிச் சன்னலின் மேலுள்ள வெயில் மறைப்பின் அடியில் உள்ளங்கை அளவில் சாம்பல் நிறக் கூடொன்று தொங்கிக் கொண்டிருந்தது. கீழே ஏணி சாத்தப்பட்டிருந்தது. ஒரு கழியின் நுனியில் மண்ணெண்ணெய் தோய்த்த துணியும் ஆயத்தமாயிருந்தது. "குழந்தைகள் ஓடியாடும் இடம், சார். கொட்டிவிட்டால் யார் பதில் சொல்வது?" என்றார் நண்பர். அவர் கேட்டதில் நியாயமில்லை என்று நாம் சொல்லத் துணியோம். ஆனால் பந்தத்தைச் சற்றுப் பொறுத்து ஏற்றும்படி அவரிடம் வேண்டிக்கொண்டோம். அதற்கு நாம் கூறிய காரணம் குளவியின் கொடுக்கைப் பற்றியதன்று. குளவியின் வயிற்றுக்குள்ளேயே குடியேறி, அதன் உயிரை வாங்காமல் அதன் வாழ்வை மாத்திரம் வாங்கிவிடும் ஓர் ஒட்டுண்ணியைப் பற்றியது. நண்பரிடம் சொன்னதை வாசகர்களுக்கும் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம்.

முதலில் அந்தக் கூட்டின் ஆட்சி முறையை அறிந்துகொள்ள வேண்டும். தென்னிந்தியாவில் எங்கும் காணப்படும் இக்குளவிக்கு ரோபாலிடியா மார்ஜினாட்டா என்று பிராணி சாஸ்திரிகள் பெயரிட்டிருக்கின்றனர். மரத்தையும் காய்ந்த தண்டையும் சுரண்டி, உமிழ்நீரோடு மென்று, காகிதம் போன்றதொரு பொருளைச் செய்து அதனால் கூடு கட்டுகிறது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் ராகவேந்திர கதக்கரும் அவருடைய மாணவர்களும் இந்த ஒரு குளவியைப் பல பதிற்றாண்டுகள் இடைவிடாது கவனித்து வந்தனர். அவர்கள் கண்டவை 2001-ஆம் ஆண்டில் ஒரு பெரிய நூலாகவே வெளிவந்தன. விலையுயர்ந்த கருவிகளை எதிர்பார்த்துக் கைகட்டி நில்லாமல், சன்னலோரத்துக் குளவியையே ஆராய்ச்சிப் பொருளாகக் கொண்டு உலகத்தார் மதிக்கும் சாஸ்திரம் சமைத்த அவர்களை எத்துணைப் பாராட்டினும் தகும்.

அக்கூட்டில் முட்டையிடுவது ஒருத்தியே, அவளே அரசி. மற்றப் பெண் குளவிகள் இரை தேடுகின்றன, கூழ் கொணர்கின்றன, புழுக்களுக்கு ஊட்டுகின்றன, காவல் புரிகின்றன. தேனீயின் வேலைக்காரிக்கும் அரசிக்கும் பிறப்பிலேயே உருவ வேற்றுமை உண்டு. இங்கோ அத்தகைய வேற்றுமை கண்ணுக்குப் புலப்படுவதில்லை. பிறந்த பெண் குளவி ஒவ்வொன்றின் முன்னும் மூன்று வழிகள் திறந்திருக்கின்றன: தாய்க் கூட்டிலேயே தங்கி உழைக்கலாம், வெளியேறித் தனிக் கூடு கட்டலாம், இருக்கும் அரசிக்குப் பின் தானே அரசியாகலாம். அரசியும் அடித்து அடக்கி ஆள்பவள் அல்லள். கூட்டிலுள்ள சாதுக்களுள் அவளும் ஒருத்தி. அவளை அப்புறப்படுத்தினால் சில நிமிஷங்களுக்குள் உழைப்பாளிகளுள் ஒருத்தி சீறி எழுகிறாள். மற்றவை அவளை எதிர்ப்பதில்லை. சில நாட்களில் அவளே முட்டையிடத் தொடங்குகிறாள். ஆகவே அக்கூட்டின் பலமெல்லாம், அரசியாகக் கூடியவர்கள் அரசியாகாமல் உழைக்க இசைந்திருப்பதிலேயே அடங்கியிருக்கிறது. ஒட்டுண்ணி கை வைப்பது இந்த இசைவில்தான்.

குளவியைப் பற்றி நம் நாட்டில் வழங்கும் பழைய நம்பிக்கை ஒன்றை இங்கே நினைவூட்டலாம். குளவி ஒரு புழுவைக் கொண்டுவந்து கூட்டில் அடைத்துக் கொட்டிக் கொட்டித் தன்னைப் போலவே குளவியாக்கி விடுகிறது என்பர். வேதாந்திகள் குருவுக்கும் சீடனுக்கும் இதையே உவமையாக்கினர். உண்மை அவ்வளவு இனிமையானதன்று. மண் கூடு கட்டும் தனிக் குளவி, புழுவைக் கொட்டி மயக்கி வைப்பது தன் குஞ்சுக்கு உணவாக. வெளிவருவது உண்ட குஞ்சேயன்றி உண்ணப்பட்ட புழுவன்று. ஆனால் ஓர் உயிர் மற்றோர் உயிருக்குள் புகுந்து அதன் இயல்பையே வேறாக்கிவிடுவது முழுக் கற்பனையுமன்று. அது குளவிக்கே நேர்கிறது. செய்வது மணலிலும் சிறியதொரு பூச்சி.

அப்பூச்சிக்கு 1793-ஆம் ஆண்டில் பியெத்ரோ ரோஸ்ஸி என்னும் இத்தாலியர் ஸெனோஸ் வெஸ்பாரம் என்று பெயர் சூட்டினார். "ஸெனோஸ்" என்னும் கிரேக்கச் சொல்லுக்கு அந்நியன் என்றும் விருந்தாளி என்றும் இருபொருள் உண்டு. இதைவிடப் பொருத்தமான பெயர் வாய்த்திராது. 1813-இல் ஆங்கிலப் பாதிரியார் வில்லியம் கிர்பி இவ்வினத்தையும் இதன் உறவுகளையும் சேர்த்து, "முறுக்குச் சிறகிகள்" என்று பொருள்படும் தனி வரிசையாக வகுத்தார். இவற்றின் ஆண்களுக்கு முன் சிறகுகள் சிறு குமிழ்களாகச் சுருங்கி, பின் சிறகுகள் மாத்திரம் விசிறி போல் விரிந்திருக்கும். பெண்ணோ விசித்திரத்தினும் விசித்திரம். கண்ணில்லை, காலில்லை, சிறகில்லை. புழு உருவிலேயே முதிர்ந்து, குளவியின் வயிற்றுக்குள்ளேயே ஆயுள் முழுவதையும் கழிக்கிறது.

இதன் பிறவிக் கதை இது. தாய்ப் பூச்சி குளவியின் உடம்பிலிருந்தபடியே ஆயிரக்கணக்கான குஞ்சுகளை வெளியே விடுகிறது. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறையக் கால் பங்கு. ஆறு கால்களுடன் சுறுசுறுப்பாய் ஓடும். பூவிலோ செடியிலோ காத்திருந்து, வந்தமரும் குளவியைப் பற்றிக்கொண்டு கூட்டை அடைகின்றன; நோயுற்ற குளவி கூட்டின் மீது வந்தமரின் நேராகவே அங்கு இறங்கிவிடுகின்றன. கூட்டின் அறைகளில் கிடக்கும் குளவிப் புழுவின் தோலைத் துளைத்து உட்புகுந்தவுடன் கால்களையும் கண்களையும் களைந்துவிட்டு, குளவியின் உடல் நீரில் கிடந்து தோலினாலேயே உணவை உறிஞ்சி வளர்கின்றன.

அந்நியப் பொருள் உடலில் புகுந்தால் உடல் சும்மா இருப்பதில்லை. பூச்சிகளுக்கும் எதிர்ப்புச் சக்தி உண்டு. அப்படியிருக்க, இது எவ்வாறு தப்புகிறது? விடையின் ஒரு பகுதியைக் கண்டறிந்தவர்களுள் முதன்மையானவர் ஆக்ஸ்ஃபோர்டில் இவ்வரிசைப் பூச்சிகளையே தம் ஆயுட்கால ஆராய்ச்சியாகக் கொண்ட ஜெயராணி கதிரித்தம்பி என்னும் தமிழ்ப் பெயர் தாங்கிய அம்மையார். இவ்வரிசையைச் சேர்ந்த மற்றோர் ஒட்டுண்ணி, தான் புகும் பூச்சியின் தோலணுக்களாலேயே ஒரு பையைச் செய்துகொண்டு அதற்குள் ஒளிந்திருப்பதை அவரும் அவருடைய கூட்டாளிகளும் 2003-இல் வெளியிட்டனர். வீட்டுக்காரனின் சட்டையையே அணிந்துகொண்டு அவன் வீட்டில் உலவும் திருடனை வீட்டு நாய் குரைக்குமா?

இனி முக்கிய விஷயத்துக்கு வருவோம். ஒட்டுண்ணி புகுந்த புழு சாவதில்லை. வழக்கம்போல் உண்டு, கூடாகி, சிறகுடைய குளவியாய் வெளிவருகிறது. பார்வைக்குக் குறையொன்றுமில்லை. ஆனால் இரை தேடப் போவதில்லை, கூழ் கொணர்வதில்லை, புழுக்களைக் கவனிப்பதுமில்லை. பிறந்து ஏறக்குறைய ஒரு வாரத்தில் தாய்க் கூட்டை விட்டே போய்விடுகிறது. இத்தாலியில் ஃபிளாரன்ஸ் நகரைச் சுற்றி வாழும் போலிஸ்டஸ் டொமினுலா என்னும் காகிதக் குளவியில் இதை லௌரா பெயானி அம்மையார், டேவிட் ஹியூஸ், கதிரித்தம்பி முதலியோர் ஆராய்ந்து 2004-இல் எழுதினர். கோடையின் நடுவே, கூடுகளிலெல்லாம் வேலை மும்முரமாக நடக்கும் காலத்தில், கூட்டுக்கு வெளியே செடிகளிலும் கட்டிடங்களிலும் குளவிகள் கும்பல் கும்பலாகச் சும்மா உட்கார்ந்திருப்பதை அவர்கள் கண்டனர். பிடித்துச் சோதித்தபோது, அவற்றில் ஏறக்குறைய எல்லாமே ஒட்டுண்ணி புகுந்தவை. வெவ்வேறு கூடுகளிலிருந்து ஓடிவந்தவை ஓரிடத்தில் கூடியிருந்தன. கூட்டுக்கு வெளியே அக்குளவிகளுக்கு அக்காலத்தில் ஒரு வேலையும் இல்லை. ஒட்டுண்ணிகளுக்கோ மிகப் பெரிய வேலை இருந்தது: ஆண் பூச்சிக்கு வெளிவந்த பின் ஆயுள் சில மணி நேரமே; அதற்குள் வேறொரு குளவியின் வயிற்றிலிருந்து தலை நீட்டிக் கொண்டிருக்கும் பெண்ணைத் தேடிக் கூட வேண்டும். ஆகவே குளவிகள் கூடிய அந்த இடம் உண்மையில் ஒட்டுண்ணிகளின் மணப்பந்தல்.

அக்கும்பல்கள் கண்ட இடத்தில் கூடுவதில்லை என்பதும் பின்னர்த் தெரிய வந்தது. எக்காளம் போன்ற செம்பூக்கள் பூக்கும் ஒரு கொடியை நோயுற்ற குளவிகள் விரும்பி நாடுவதையும், அதன் பூவில் மட்டுமின்றி மற்றப் பகுதிகளிலும் சுரக்கும் இனிப்பு நீரை அவை நக்குவதையும் 2018-இல் பெயானியும் அவருடைய குழுவினரும் விவரித்தனர்.

இதைவிட நம்மை வியப்பில் ஆழ்த்தியது மற்றொன்று. வேலையை விட்ட குளவி மெலிந்து நலிவதில்லை. அதன் உடலில் கொழுப்புச் சேர்கிறது. குளிர்காலத்தைக் கடந்து அடுத்த வசந்தத்தில் புதுக் கூடு கட்டப்போகும் வருங்கால அரசிகளுக்கே உரிய உடல்நிலை, உழைக்கப் பிறந்த இதற்கு வந்துவிடுகிறது. நோயுற்ற உழைப்பாளிக் குளவிகளின் மூளையில் எந்த மரபணுக்கள் வேலை செய்கின்றன என்று ஆராய்ந்து 2017-இல் வெளியிட்டவர்கள், அவற்றின் போக்கு உழைப்பாளியினுடையதைவிட வருங்கால அரசியினுடையதை ஒத்திருக்கக் கண்டனர். இலையுதிர் காலத்தில் அது மெய்யான அரசிகளோடு சேர்ந்து பொந்துகளில் ஒடுங்கிக் குளிரைக் கழிக்கிறது. வசந்தம் பிறக்கிறது. அரசிகள் கூடு கட்டப் புறப்படுகின்றன. இதுவும் புறப்படுகிறது, ஆனால் கட்டுவதில்லை. பிறர் கூடுகளையும் பூக்களையும் சுற்றித் திரிந்து, வயிற்றிலுள்ள அந்நியனின் குஞ்சுகளை ஆங்காங்கே இறக்கி விடுகிறது. அதற்கோ முட்டை என்பதே இல்லை. அதன் சூலகம் வளராமலேயே போய்விட்டது. அரசிக்குரிய கொழுப்பு உண்டு, ஆயுள் உண்டு, ஓய்வு உண்டு. மகப்பேறு மாத்திரம் இல்லை. முகப்பேரில் நின்றுகொண்டு இதைச் சொல்லும்போது நண்பர் மெல்லச் சிரித்தார். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆண் குளவிகளின் கதி வேறு. ஒட்டுண்ணி புகுந்த ஆண் குளவி தன் ஆண்மையை முற்றும் இழப்பதில்லை என்று 2014-இல் ஓர் ஆராய்ச்சி காட்டிற்று. ஆண் குளவி எப்படியும் கூட்டுக்கு உழைப்பதில்லை. அதனிடம் பறிக்க உழைப்பே இல்லாதபோது ஒட்டுண்ணி எதைப் பறிக்கும்?

இவ்விடத்தில் வாசகர்களுள் பலர் ஓர் அரசியல் உவமையை எதிர்பார்ப்பார்கள் என்பதை நாம் அறிவோம். "புல்லுருவி" என்பது மேடையில் நமக்கெல்லாம் பழகிப்போன வசவு. உள்ளே புகுந்த அந்நியன், தன் கூட்டத்தை மறந்த உள்நாட்டான், உழைக்காமல் கொழுப்பவன் என்று பெயர் வைத்து அழைக்க எத்தனையோ பேர் நினைவுக்கு வருவர். அந்த ஆசைக்கு நாம் இணங்கப் போவதில்லை. ஓடிப்போன குளவி துரோகியன்று; புழுவாய்க் கிடந்த நாளிலேயே அதன் வாழ்வு எழுதப்பட்டு விட்டது. ஒட்டுண்ணியும் சூழ்ச்சிக்காரனன்று, அதற்கும் வேறு வழியில் சந்ததி இல்லை. மனிதனுக்கு உள்ள பொறுப்பைப் பூச்சியின் மேல் சுமத்திவிட்டு மனிதனை ஏசுவது இரண்டு பேருக்கும் செய்யும் அநியாயம்.

ஆயினும் இதில் மெய்யான விவாதம் ஒன்று உண்டு. குளவி கூட்டை விட்டு ஓடுவது ஒட்டுண்ணி தன் காரியத்துக்காக அதை ஆட்டி வைப்பதாலா, அல்லது நோயின் பக்க விளைவா? உடல் நீரின் சத்தையெல்லாம் ஒட்டுண்ணி குடிக்கிறது, அதனால் சுரப்பிகள் குன்றுகின்றன, முட்டை வளர்வதில்லை, வேலையில் நாட்டம் போகிறது. இவ்வளவுதான், இதில் ஆட்டி வைப்பது ஒன்றுமில்லை என்று வாதிக்கலாம். இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. நோயாளி வேலைக்குப் போகாததற்கு நோய்க்கிருமியின் சூழ்ச்சியைக் காரணமாகச் சொல்ல வேண்டியதில்லையன்றோ? ஆனால் வெறும் பலவீனம் என்றால், வெவ்வேறு கூட்டுக் குளவிகள் ஒட்டுண்ணிகளுக்கு மணம் கூடும் பருவம் பார்த்து ஒரே செடியில் வந்து கூடுவானேன்? பட்டினி கிடப்பவனுக்குக் கொழுப்பு சேருவானேன்? வருங்கால அரசிக்கென்று குளவியின் உடலிலேயே எழுதப்பட்டிருக்கும் பழைய ஏடு ஒன்றை ஒட்டுண்ணி தகாத வேளையில் திறந்து விடுகிறது என்று கொள்வதே நமக்குப் பொருத்தமாய்த் தோன்றுகிறது.

ஜப்பானில் நடக்கும் ஒரு காரியம் இதற்கு ஆதரவாய் இருக்கிறது. அங்குள்ள ஒரு கடந்தையின் அரசிகளுக்குள் ஸ்பேருலேரியா என்னும் நுண் உருளைப் புழு புகுகிறது. 2007-இல் விவரிக்கப்பட்ட இப்புழு புகுந்த அரசி கூடு கட்ட வேண்டிய பருவத்தில் கூடு கட்டாமல், குளிர்காலத்தில் ஒடுங்குதற்குரிய உளுத்த மரங்களை வெயிற் காலத்திலேயே நாடிப் போகிறது. புழுக்கள் அங்கே வெளியேறுகின்றன; பின்னால் உறங்க வரும் புது அரசிகள் அவற்றுக்கு அகப்படுகின்றன. ஸெனோஸ் பூச்சி வகை. இதுவோ புழு வகை. இரண்டுக்கும் உறவே இல்லை. இருந்தும் இரண்டும் குளவியின் பஞ்சாங்கத்தையே திருத்துகின்றன.

ட்ரைகோனாலிட் என்னும் ஒட்டுக் குளவியின் வழி வேறு. அது இலைகளின் மேல் நுண்ணிய முட்டைகளை இறைத்துவிட்டுப் போகிறது. இலையைத் தின்னும் கம்பளிப் புழு முட்டையையும் விழுங்குகிறது. கடந்தை அப்புழுவை வேட்டையாடி, மென்று உருண்டையாக்கித் தன் குஞ்சுக்கு ஊட்டுகிறது. இவ்வாறு எதிரியைத் தன் கையாலேயே குழந்தையின் வாயில் வைத்துவிடுகிறது. ஸெனோஸ் உழைப்பாளியைச் சோம்பேறியாக்குகிறது என்றால், இங்கே உழைப்பே ஆபத்தைச் சுமந்து வருகிறது. எந்தத் தாயைக் குற்றம் சொல்வது?

கூட்டுக்கு நேரும் நஷ்டத்தைச் சிறிதென்று எண்ண வேண்டா. காகிதக் குளவிக் கூட்டில் பெரும்பாலும் சில பத்து உழைப்பாளிகளே இருக்கின்றன. அவற்றுள் நாலைந்து, வளர்த்து ஆளாக்கிய செலவெல்லாம் முடிந்தபின், ஒரு நாள் வேலையும் செய்யாமல் போய்விட்டால் மிஞ்சியவற்றின் சுமை ஏறிவிடுகிறது. ஒட்டுண்ணி இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. அதே போலிஸ்டஸ் டொமினுலா 1970-களின் இறுதியில் அமெரிக்காவின் மாஸச்சூஸெட்ஸ் மாகாணத்தில் கண்டறியப்பட்டது. சில பதிற்றாண்டுகளில் அக்கண்டத்தின் பெரும் பகுதியில் பரவிவிட்டது. அந்நாட்டுக் காகிதக் குளவிகளுக்கு அந்நாட்டு ஸெனோஸ் ஒன்று உண்டு. வந்தேறிய குளவியோ தன் பழைய எதிரியைத் தாய்நாட்டிலேயே விட்டு வந்துவிட்டது. அதன் வெற்றிக்குக் கூறப்படும் காரணங்களுள் இதுவும் ஒன்று.

இவையெல்லாம் சீமைச் செய்திகள் என்று தள்ளிவிட வேண்டா. வட இந்தியாவில் வாழும் போலிஸ்டஸ் வாட்டி என்னும் குளவிக்குள்ளும் ஒரு ஸெனோஸ் இருப்பதை நம் நாட்டு ஆராய்ச்சியாளர் இந்த 2020-களில் கண்டு விவரித்து, முன்னே நாம் குறிப்பிட்ட பேராசிரியரின் பெயரால் ஸெனோஸ் கதக்கரி என்று பெயரிட்டிருக்கின்றனர். ஒருவர் பெயரை ஒட்டுண்ணிக்கு வைப்பது மரியாதையா என்று சாஸ்திரம் அறியாதார் முகம் சுளிக்கலாம். ஆயினும் பூச்சி ஆராய்வோருக்கு இதனினும் உயர்ந்த பட்டம் இல்லை. வெஸ்பாரத்தின் இத்தாலியப் பஞ்சாங்கம் நம் தென்னாட்டுக்குச் செல்லாது. அங்கே வசந்தத்தில் தொடங்கிய கூடு அதே ஆண்டில் கலைகிறது. இங்கே ரோபாலிடியா ஆண்டு முழுவதும் எந்த மாதத்திலும் கூடு தொடங்குகிறது. கடுங்குளிரும் இல்லை, ஒடுங்கும் பருவமும் இல்லை. ரோபாலிடியா இனத்துக்குள்ளும் இவ்வகை முறுக்குச் சிறகிகள் புகுவதுண்டு. குளிர்கால உறக்கமென்னும் வசதி இல்லாத நாட்டில் அந்த விருந்தாளி எவ்வாறு காலம் தள்ளுகிறான் என்பது நம் கல்லூரி மாணவர்கள் கையிலெடுக்கத் தக்க கேள்வி. இதற்குக் கப்பலேறிப் போக வேண்டியதில்லை. ஓர் ஏணியும் பொறுமையும் போதும்.

காண்பதற்கான குறி எளிது. குளவியின் வயிற்றுப் பகுதி வளையம் வளையமாக அடுக்கப்பட்ட தகடுகளால் ஆனது. அத்தகடுகளின் இடுக்கில், கடுகில் பாதியளவில் பழுப்பு நிறப் புடைப்பு ஏதேனும் துருத்திக்கொண்டிருந்தால் அதுவே விருந்தாளியின் தலை. தட்டையாக இருப்பின் பெண். உருண்டு மேடிட்டிருப்பின் ஆணின் கூடு. இறந்து கிடக்கும் குளவியையும் எடுத்துப் பார்க்கலாம். ஒரு கைக்கண்ணாடி இருந்தால் நலம்.

இவ்வளவையும் கேட்ட நண்பர் ஏணியின் மேல் ஏறி இரண்டு முழத் தொலைவில் நின்று பார்த்தார். கூட்டின் மீது பதினேழு குளவிகள் இருந்தன. ஒன்று பச்சைப் புழுவொன்றை உருண்டையாக்கிக் கொண்டுவந்தது. மற்றொன்று அதில் பாதியைக் கேட்டு வாங்கிக்கொண்டது. அந்தப் புழு அவர் வீட்டுக் கீரைப் பாத்தியிலிருந்து போனதாக இருக்கலாம் என்றோம். ஓர் ஓரத்தில் ஒரு குளவி மாத்திரம் எதிலும் கலவாமல் வெகு நேரம் அசையாது உட்கார்ந்திருந்தது. "அதுதானா?" என்று கேட்டார். சோம்பியிருப்பவை எல்லாம் நோயாளிகள் அல்ல என்றும், அது அரசியாகவும் இருக்கலாம் என்றும், வயிற்றின் இடுக்கைப் பார்த்தாலன்றிச் சொல்லக்கூடாது என்றும் கூறினோம்.

குழந்தைகள் கையெட்டாத உயரந்தானே என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு அவர் கீழே இறங்கினார். அச்சன்னலை மாத்திரம் ஒரு மாதம் திறக்கலாகாது என்று வீட்டில் உத்தரவாயிற்று. கழியிலிருந்த துணி அவிழ்க்கப்பட்டது. ஏணி இன்னும் அங்கேயே சாத்தியிருக்கிறது. காலையும் மாலையும் அவருடைய மூத்த பெண் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் அதில் ஏறிக் குளவிகளை எண்ணிக் குறித்து வருகிறாளாம். சென்ற வாரக் கடிதத்தில் அந்த எண்ணிக்கை பத்தொன்பதாயிருந்தது.